எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்டவள்

அவளைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். போகப் போக நான் நல்லவள் மாதிரி எழுதிக்கொண்டு போனால் நீங்கள் நம்பிவிடக் கூடும்.

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், கோயில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் மாமியின் சமையல்கூடம் இருக்கிறது. மாமி எனக்கு உறவில்லை. அந்தத் தெருவுக்கே மாமி, அதனால் எனக்கும் மாமி. கல்யாணத்துக்கும் விருந்துக்கும் சமைத்துக் கொடுக்க ஊரில் எத்தனையோ பேர் உண்டு. மாமி செய்வது பிறந்தநாள் பாயசம். இங்கே பெரியவர்களின் பிறந்தநாள் இங்கிலீஷ் தேதியில் வராது; மாதமும் நட்சத்திரமும் கூடுகிற நாளில் வரும். பிள்ளைகள் துபாயிலும் கனடாவிலும் இருப்பார்கள். அப்பாவுக்கு என்ன மாதம், என்ன நட்சத்திரம் என்று மாமியிடம் ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். வருஷா வருஷம் அந்த நாளில், காலை எட்டு மணிக்குள், எவர்சில்வர் தூக்கில் பாயசம் வாசலுக்குப் போய்விடும்.

எந்த நாள் என்று சொல்வது என் வேலை. கணிதத்தில் பட்டம் வாங்கி, கம்ப்யூட்டரைத் தானாகப் படித்துக்கொண்டு, மாமியின் நோட்டுப் புத்தகங்களை ஒரு டேட்டாபேஸாக மாற்றியவள் நான். பதினான்கு வருஷமாக அதை வளர்த்தேன். சமையல்கூடத்தின் மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு ஏசி, ஒரு சர்வர், அதற்கு ஒரு யுபிஎஸ். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது மொத்த டேட்டாவையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொள்வேன். குடையும் டிபன் பாக்ஸும் கிடக்கும் அதே பையில் ஊரில் பாதிப் பேருடைய நட்சத்திரமும் கிடக்கும். பேருந்தில் நிற்கும்போது பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

அதைவிடப் பெரிய கர்வம் ஒன்றும் இருந்தது. தினமும் காலை ஐந்தரைக்கு மாமி எனக்கு போன் செய்வார்.

"இன்னிக்கு யாருக்கெல்லாம்டி பொறந்தநாள்?"

பட்டியல் முந்தின நாளே அச்சாகி, கிரைண்டர் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். மாமி அதன் எதிரே நின்றுகொண்டுதான் என்னைக் கேட்பார். நான் ஒவ்வொரு வீடாகச் சொல்வேன். "சரி, நீ சொன்னா மதி" என்று வைத்துவிடுவார். போதும் என்பதற்கு இந்த ஊரில் மதி என்றுதான் சொல்வோம். என் வீட்டில் என்னை யாரும் அப்படி நம்பியதில்லை. அந்த ஒரு போனுக்காகவே நான் ஐந்து மணிக்கு எழுந்து பல் தேய்த்துக் காத்திருப்பேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

சித்திரையோடு வரும் மேட மாதத்து இடிமழையில் ஒரு நாள் பின்மதியம், தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கம் இடி விழுந்தது. யுபிஎஸ் கருகியது, சர்வரும் போனது. புது மெஷின் வாங்கி, ஹார்ட் டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி முடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் கையில் கிடைத்த பழைய காகிதங்களைப் பார்த்து வீடுகளைச் சொன்னேன். இரண்டு வீடு விட்டுப்போனது. மாமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அடுத்த வாரம் கழக்கூட்டம் பக்கத்து ஐடி கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு இப்போது தனியாகத் தொழில் செய்யும் ஒருத்தியைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார்.

"நம்ம சர்வரை வெச்சுக்கலாமா, கிளவுட்டுக்குப் போலாமா, அவ பாத்து சொல்லட்டும். உனக்கும் ஒரு துணையாச்சே."

துணை வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்?

வந்தவள் பாறசாலைக்கு அப்பால் எல்லைப் பக்கத்துக்காரி. புராட்டஸ்டண்டு தமிழ்க் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். செருப்பை வெளியே விட்டு, அடுப்படி வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமா மாமி?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் மாமி உருகிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் டவரா டம்ளரில் காபி வந்தது. எனக்குப் பதினான்கு வருஷமாகக் கண்ணாடி கிளாஸில்தான் வரும். நான் அதுவரை அதைக் கவனித்ததில்லை, அன்றைக்குத்தான் கவனித்தேன்.

மாமியின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேசினோம். மாமி சுருக்கமாகக் கேட்டார். "சொந்தக் கிணறா, கார்ப்பரேஷன் குழாயா? அதானே விஷயம்?"

"இல்ல மாமி," என்றாள் அவள். "தண்ணி உங்களுக்குள்ளதுதான். மோட்டர் பாக்குறது, தூர் வாருறது, ரிப்பேரு, இதை மட்டும் அவங்க செய்வாங்க. இப்போ அது எல்லாத்தையும் அக்கா ஒத்தைக்கு செய்யுதாங்க."

மாமி என்னை இரக்கத்தோடு பார்த்தார். எனக்கு எரிந்தது. பதினான்கு வருஷம் நான் செய்ததை ஒரு வாக்கியத்தில் பாவமாக்கிவிட்டாளே.

விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் எனக்குத் தெரிந்த எல்லாக் குறைகளையும் எடுத்து வீசினேன். ரோட்டைத் தோண்டினால் கேபிள் அறும், இன்டர்நெட் போகும். அங்கே சர்வரின் உள்ளே புகுந்து எதையும் தொட விடமாட்டார்கள். நம் டேட்டா எங்கேயோ இருக்கும். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "அக்கா சொல்லுறது சரிதான் மாமி. நெட்டு போனா கஷ்டம். அதுக்கு மூணு நாள் லிஸ்டை முன்னாடியே பிரிண்ட் எடுத்து வெச்சுக்கிடலாம். உள்ள தொட விடமாட்டாங்க, அதுவும் உண்மைதான். அக்கா இப்போ சர்வருக்குள்ள செய்யுற சில வேலையை வெளிய வெச்சு மாத்தி எழுத வேண்டி வரும்." அவள் பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

பிறகு லேப்டாப்பைத் திறந்து ஒரு வேடிக்கை காட்டினாள். கிளவுட்டில் சோதனைக்காக ஏற்றிவைத்திருந்த டேட்டாபேஸில் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதையும் மாமியின் கண் முன்னாலேயே அழித்தாள். மாமி "ஐயோ" என்று நெஞ்சில் கை வைத்தார். அவள் எதையோ அழுத்திவிட்டுக் காபியைக் குடிக்க ஆரம்பித்தாள். காபி தீர்ந்து, மாமியின் முறுக்கில் இரண்டும் தீர்ந்து, ஊர்க்கதை கொஞ்சம் நடந்தபோது, பக்கத்தில் இன்னொரு டேட்டாபேஸ் வந்து நின்றது. அழிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு பெயர் குறையாமல். இரண்டு நாள் நான் சோறு தண்ணி இல்லாமல் செய்த வேலை அது. அதை அவள் முறுக்குத் தின்றுகொண்டே செய்தாள்.

"பேஷ்" என்றார் மாமி. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முடிவு மட்டும் என் கையில் இருந்தது. "ரெண்டும் கொஞ்ச நாள் பக்கத்துல பக்கத்துல ஓடட்டும்," என்றார் மாமி. "எது வேணும்னு கடைசில இவ சொல்லட்டும். இவ சொன்னா மதி." இவ என்றது என்னை. அந்தச் சொல் எனக்கு அப்போது குளிர்ந்தது.

அடுத்த வாரம் அவள் மாடி அறைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். டேபிள்களை எல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தேன். பெயர், முகவரி, மாதம், நட்சத்திரம், இதுவரை பாயசம் போன தேதிகள் எல்லாம் அதில் இருந்தன. பிறந்தநாளைக் கணக்கிடும் நிரல் தனி. அது சர்வருக்குள் நான் எழுதிய பழைய நிரல், அவளுடைய இடத்தில் அப்படியே ஓடாது. "விதியைச் சொல்லுங்க அக்கா, நான் புதுசா எழுதிக்கிடுதேன்" என்றாள்.

மலையாள மாதத்தில் அந்த நட்சத்திரம் வரும் நாள் என்றேன். ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் இரண்டாவதை எடுக்க வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல நட்சத்திரம் பாக்கமாட்டோம். எனக்கு என் நட்சத்திரமே தெரியாது," என்று சிரித்தாள். "அதனாலதான் கேக்குதேன். வேற எதும் உண்டா அக்கா?"

உண்டு. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

தமிழ் மாதமும் மலையாள மாதமும் பெரும்பாலும் ஒரே நாளில் பிறக்கும். ஆவணிதான் சிங்கம், ஆடிதான் கர்க்கடகம். ஆனால் மாதப் பிறப்பைக் கணிக்கும் முறை கொஞ்சம் வேறு. அதனால் சில சமயம் தமிழ் மாதம் ஒரு நாள் முன்னதாகப் பிறந்துவிடும். அந்த ஒரு நாள் தமிழ் வீடுகளுக்குப் புது மாதத்தின் முதல் நாள், மலையாள வீடுகளுக்குப் பழைய மாதத்தின் கடைசி நாள். ஒருவருடைய நட்சத்திரம் சரியாக அந்த நாளில் விழுந்தால் வம்பு. மலையாளக் கணக்கில் அது அந்த மாதத்தில் வரும் இரண்டாவது தடவை, ஆகவே அதுதான் பிறந்தநாள். தமிழ்க் கணக்கில் அந்த நாள் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது, ஆகவே இருபத்தேழு நாள் முன்னால் வந்த முதல் தடவைதான் பிறந்தநாள். எல்லா வருஷமும் எல்லோருக்கும் இது நடக்காது. நடக்கும்போது பாயசம் ஏறக்குறைய ஒரு மாதம் தவறிப் போகும். அதற்காகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் அக்ரஹாரத் தெருக்களின் பெயர்களை என் நிரலுக்குள் எழுதி வைத்திருந்தேன். முகவரியில் அந்தத் தெரு இருந்தால் தமிழ்ப் பஞ்சாங்கம், இல்லாவிட்டால் மலையாளப் பஞ்சாங்கம். இது என் கண்டுபிடிப்பு. இதைப் பற்றி எந்தக் காகிதத்திலும் ஒரு வரி கிடையாது.

அவள் பேனாவைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஒண்ணும் இல்லை" என்றேன்.

சொல்லிவிட்டு உடனே சுவரில் இரண்டு காலண்டர்களையும் பார்த்தேன். அவள் மாட்டிக்கொள்ளும் நாள் எது என்று தேடினேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த வருஷம் ஆவணி, சிங்கத்தைவிட ஒரு நாள் முன்னதாகப் பிறந்தது. அந்த நாளின் நட்சத்திரம் உத்திராடம். ஆடி மாதம் உத்திராடத்தில் பிறந்த ஒருவர் ஸ்ரீவராகத்திலேயே, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தார். அவருக்குத் தமிழ்க் கணக்குப்படி பிறந்தநாள் ஆடி ஐந்தாம் தேதி. அவளுடைய கிளவுட் அன்றைக்கு அவர் பெயரைச் சொல்லாது. காலையில் மாமிக்கு நான் சொல்வேன். "மாமி, அந்த லிஸ்ட்ல ஒரு வீடு இல்லை, பாத்தேளா?" இந்த வாக்கியத்தைக் குளியலறையில் வைத்துப் பழகினேன். குரலில் வருத்தம் தெரியவேண்டும், சந்தோஷம் தெரியக் கூடாது என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கிழவருடைய பாயசம் தவறினால் அவருக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவேயில்லை. எப்படியும் என் பட்டியலைப் பார்த்து அனுப்பிவிடப் போகிறோம், அவருக்கு ஒன்றும் குறையாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி ஐந்துக்கு முன்னால் ஒரு மாதம் எனக்கு எரிச்சலிலேயே போனது. மாமி அவளைக் குழந்தை என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். பாயசத்துக்குப் போடும் அரிசி அடையை உலர்த்தும் பெண்கள் அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள். புதிய பட்டியல் மாமியின் போனுக்கே நேராக வந்தது. ஒரு நாள் காலை ஐந்தரைக்கு போன் வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு வந்தது. "போன்லயே வந்துடுத்துடி லிஸ்ட், பாத்துண்டிருந்தேன், மறந்துட்டேன்" என்றார். அந்தக் கால் மணி நேரம் நான் கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை நினைத்துப் பல்லைக் கடித்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரியை டீச்சர் கொஞ்சினால் வருமே, அச்சு அசல் அதே வயிற்றெரிச்சல்.

ஆடி ஐந்து வந்தது. நான்கு மணிக்கே எழுந்து இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். என் பட்டியலில் அடுத்த தெருக்காரர் இருந்தார். அவள் பட்டியலிலும் இருந்தார்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். இருந்தார். அது மட்டுமில்லாமல் அவள் பட்டியலில் ஒரு வீடு அதிகம் இருந்தது. சாஸ்தமங்கலத்தில் ஒரு ஃபிளாட்டில் இருக்கும் பெரியவர், ஆடி உத்திராடம். என் கணக்கில் அவருக்கு இன்னும் இருபத்தேழு நாள் பாக்கி இருந்தது.

எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பிடி கிடைத்துவிட்டது. எதையோ குருட்டாம்போக்கில் மாற்றப்போய், ஒரு மலையாளக் கணக்கு வீட்டைத் தமிழ்க் கணக்கில் சேர்த்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். மாமியின் போன் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. "சாஸ்தமங்கலம் தூக்கை நானே கொண்டு போறேன் மாமி, அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்றேன். பெரியவர் வாயாலேயே "இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள் இல்லையே" என்று கேட்டுக்கொண்டு வந்து மாமியின் மேஜையில் வைக்க வேண்டும். ஆட்டோவில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பால் பாயசம் கொதிக்கக் கொதிக்க இருந்தது, துணியைத் தாண்டித் தொடையில் சுட்டது.

கதவைத் திறந்தவர் எண்பதைத் தாண்டியவர். குளித்து, விபூதி இட்டு, மடிப்புக் கலையாத வேஷ்டியில் நின்றார். தூக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, இந்தத் தடவை சரியா வந்துடுத்தே!"

நான் வாசலிலேயே நின்றேன். "சரியான்னா மாமா?"

"உள்ள வாங்கோ. நாங்க தமிழ்ப் பஞ்சாங்கம்னா பாக்கறது. ஸ்ரீவராகத்துல இருந்தவாதான் நாங்களும். படி ஏற முடியாம லிஃப்ட் இருக்கற இடமா பாத்து வந்தோம். எட்டு வருஷம் ஆச்சு."

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மகள் முகவரி மாற்றம் எழுதி அனுப்பியதும், பழைய தெருவை அழித்துவிட்டு ஃபிளாட்டின் பெயரை நான் தட்டச்சு செய்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. அக்ரஹாரத் தெரு முகவரியிலிருந்து போன நிமிஷத்திலேயே என் நிரல் அவரை மலையாளக் கணக்குக்கு மாற்றியிருக்கிறது. தெருவை விட்டுப் போனால் பஞ்சாங்கத்தையும் விட்டுவிடுவார்கள் என்று நான் எழுதிவைத்திருக்கிறேன்.

"இதுக்கு முன்னாடி தப்பா வந்துதா மாமா?"

அவர் தூக்கை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். சுவரில் ஒரு படம், அதில் மாலை. மூக்குத்தி போட்ட அம்மாள்.

"எனக்கு ஒண்ணும் தப்பினதில்லை. அவளோடதுதான். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், மாசில. கார்த்தாலேயே குளிச்சுட்டு வாசலைப் பாத்துண்டு உக்காந்திருந்தா. படுக்கைலேந்து எழுந்து உக்காந்ததே பெரிசு அப்போ. மத்தியானம் வரைக்கும் பாத்தா. மறந்துட்டா போலருக்குன்னா. அதுக்கப்புறம் பத்து நாள்தான் இருந்தா. அவ போய் பதினேழாம் நாள் பாயசம் வந்தது." அவர் குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. "கொண்டு வந்தவனுக்கு என்ன தெரியும், பாவம். வாங்கி வெச்சுண்டேன்."

ஏதோ கேட்க வேண்டும் என்று, "நீங்க எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா" என்றேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான கேள்வி என்று தெரிந்தது.

"யாருகிட்ட சொல்றது? யாரு கேட்டா? போன மாசம் ஒரு பொண்ணு போன் பண்ணி, நீங்க எந்தப் பஞ்சாங்கம் பாக்கறேள்னு கேட்டா. அவகிட்ட எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினா." கரண்டி எடுக்க எழுந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். "சாரமில்லை, அது போறது, விடுங்கோ. இன்னிக்கு சரியா வந்துடுத்தே. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கோ."

சாப்பிட்டேன். மறுக்க எனக்கு என்ன உரிமை இருந்தது.

மாடி அறைக்குத் திரும்பியபோது அவள் வந்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன விதியைப் பழைய டெலிவரி தேதிகளோட வெச்சு ஓட்டிப் பாத்தேன் அக்கா. கொஞ்சம் வீடு பொருந்தல்ல. எல்லாம் ஒரே நாலு தெரு. என்னமோ இருக்குன்னு தோணிச்சு. எனக்கு இது ஒண்ணும் தெரியாதுல்லா, அதான் லிஸ்ட்ல உள்ள எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்டேன். மூணு வாரம் ஆச்சு." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே புதிதாக ஒரு கட்டம். தமிழ் அல்லது மலையாளம். அதற்கு அடுத்த கட்டத்தில் யார் கேட்டது, என்றைக்குக் கேட்டது. அக்ரஹாரத் தெருக்களில் குடியேறிய மலையாளி வீடுகள் என் கணக்கில் தமிழாக இருந்தன. பேட்டைக்கும் வட்டியூர்க்காவுக்கும் போன தமிழ் வீடுகள் மலையாளமாக இருந்தன.

"எங்கிட்ட ஏன் கேக்கலை?"

"ஒரு தடவை கேட்டேனே அக்கா." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே, "நீங்க மறந்திருப்பீங்க" என்றாள்.

நான் மறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைச் சண்டைக்கு இழுத்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மறுநாள் மாமியின் மேஜைக்கு நான் பதில் கொண்டுபோக வேண்டும். அவள் தன் குறிப்பை முன்னதாகவே அச்சிட்டு வைத்திருந்தாள். இரண்டு பக்கம். சொந்த சர்வரின் நல்லது கெட்டது, கிளவுட்டின் நல்லது கெட்டது எல்லாம் நேர்மையாக இருந்தன. கடைசியில் ஒரு வரி: தமிழ், மலையாளம் என்று இரண்டு பஞ்சாங்கக் கணக்கு தேவை என்பதை முதலில் கண்டுபிடித்துச் செயல்படுத்தியவர் இங்கேயே வேலை செய்பவர். அது நான். மாமி அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். "பாத்தியா, உன்னைப் பத்தி எழுதியிருக்கா" என்று பெருமையாகக் காட்டினார். அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தால் என்ன என்று இருந்தது.

அவள் ஸ்கூட்டரில் கிளம்பிப் போன பிறகு சொன்னேன். மாமி முறத்தில் முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கிளவுட்டுக்கே போலாம் மாமி. அடுத்த இடிக்கும் இதேதான் நடக்கும். ஹார்ட் டிஸ்கைப் பையில வெச்சுண்டு பஸ்ல போறதெல்லாம் ஒரு ஏற்பாடே இல்லை." அதைச் சொல்வது நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. அடுத்ததுதான் கஷ்டமாக இருந்தது. "இன்னொண்ணு. பஞ்சாங்க விஷயத்தை நான் அவகிட்ட வேணும்னே மறைச்சேன். அவ மாட்டிக்கணும்னுதான் பண்ணினேன்."

மாமியின் விரல் நின்றது.

சாஸ்தமங்கலத்து அம்மாளைப் பற்றியும் சொன்னேன். வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை, பத்து நாளை, பதினேழாம் நாளை. "அது சர்வரோட தப்பில்லை மாமி. கிளவுட்டுல இருந்திருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன். நான் யாரையும் கேக்கலை. தெருவைப் பாத்துத் தெரிஞ்சுண்டதா நினைச்சேன்."

மாமி முறத்தைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "இவ்வளவும் அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவ."

அந்தக் குரலில் இருந்தது மரியாதை. அது எனக்கானது இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு நிற்கிற அந்த நிமிஷத்திலும் எனக்கு அவள் மேல் பொறாமைதான் வந்தது. உண்மையைச் சொன்னவள் நான், பெயர் வாங்கியவள் அவள்.

"சரி, பின்னே நாளைக்கு லிஸ்டை யார் பாக்கறா?" என்றார் மாமி, முந்திரியைப் பார்த்தபடியே.

"நான்தான் மாமி."

"பாரு."

அவ்வளவுதான். வேலை போகவில்லை. கிளவுட்டில் நான் செய்த முதல் வேலை, பெரியவரின் முகவரிக்குக் கீழே அந்த அம்மாளின் பெயருக்கு எதிரே, இனி பாயசம் வேண்டாம் என்று குறித்தது. இரண்டு வருஷமாக அதைச் செய்யக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மாசி மாதத்தில் அந்த அம்மாள் இல்லாத வீட்டுக்கு அவர் பெயரில் இன்னும் பாயசம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பெரியவர் அதையும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து பல் தேய்த்துவிட்டு உட்கார்ந்தேன். போன் வராது என்றுதான் நினைத்தேன். சரியாக ஐந்தரைக்கு வந்தது. பாய்ந்து எடுத்தேன்.

"இன்னிக்கு யாருக்கெல்லாம்டி பொறந்தநாள்?"

ஒவ்வொரு வீடாகச் சொன்னேன். முடித்துவிட்டு, வழக்கமான வார்த்தைக்காகக் காத்திருந்தேன். கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"அவாகிட்ட கேட்டியோ?" என்றார் மாமி.

இப்போது தினமும் அதுதான் கேள்வி. கேட்டேன் மாமி என்று தினமும் சொல்கிறேன். உண்மையாகவே ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் எனக்கு விடுமுறை, அன்றைக்கு மாமியின் போன் அவளுக்குப் போகிறது. அவளிடம் மாமி என்ன கேட்கிறார் என்று ஒரு தடவை, பேச்சோடு பேச்சாக விசாரித்தேன்.

"லிஸ்ட்ல யாரெல்லாம்னு கேப்பாங்க, சொல்லுவேன்" என்றாள். "நீ சொன்னா மதிம்பாங்க."